பழைய காவல் நிலையத்தின் மாடியில் கன்டோனீஸ் விருந்து: முதல் தடவை போகிறவர்களுக்கு

ஹாங்காங் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு மால் மாடியில் நாலு தட்டு டிம்சம் (கொழுக்கட்டை போன்ற சின்னச் சின்னப் பலகார வகைகள்) சாப்பிட்டுவிட்டு, "சைனீஸ் சாப்பாடு பார்த்தாச்சு" என்று திரும்பிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஒரு வேளையாவது நல்ல கன்டோனீஸ், அதாவது தென்சீனச் சமையல், உணவகம் ஒன்றில் உட்கார்ந்து, அவசரப்படாமல், ஒரு மேஜைக்கான சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஊர்ச் சமையல்காரர்கள் எதற்காக மெனக்கெடுகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். அந்த உணவகம் ஒரு பழைய கட்டடத்தில் இருந்தால் இன்னும் நல்லது, ஊரின் வரலாற்றையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம்.

இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகப் பலர் தயங்குவது விலையால் மட்டும் இல்லை. எப்படி ஆர்டர் செய்வது, தேநீருக்கு ஏன் காசு, மேஜையில் ஏன் இரண்டு ஜோடி சாப்ஸ்டிக், மீன் எவ்வளவு ஆகும் என்று ஒன்றும் தெரியாமல் போய் நிற்கப் பயம். அந்தப் பயம் போவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஹாங்காங் நடுவில், ஹாலிவுட் ரோட்டில் இருக்கும், ஒரு காலத்தில் காவல் நிலையமாக இருந்த தாய் குவுன் வளாகத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே பேரக் பிளாக் என்ற பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மேடம் ஃபூ என்ற உணவகம் 2018இல் தொடங்கியது. கன்டோனீஸ் சமையலைப் புதுப் பாணியில் பரிமாறுகிற இடம். கீழே சொல்வதில் பெரும்பகுதி இதே தரத்தில் உள்ள வேறு எந்த உணவகத்துக்கும் பொருந்தும். பழைய கட்டடங்களில் உணவகங்கள் கைமாறுவதும் மூடுவதும் சாதாரணம், அதனால் கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாள், நேரம், ஆள் கணக்கு

முதல் தடவை என்றால் மதியம் போங்கள். டிம்சம் பெரும்பாலும் மதியம்தான் கிடைக்கும். காலையில் கையால் மடித்து வைத்தது தீரும்வரைதான் கணக்கு, இரவில் பல இடங்களில் மெனுவிலேயே இருக்காது. மதியத்தில் செலவும் குறைவு. வெளிச்சத்தில் கட்டடமும் நன்றாகத் தெரியும்.

ஆள் கணக்கு ரொம்ப முக்கியம். கன்டோனீஸ் சாப்பாடு தனி ஆளுக்கான சாப்பாடு இல்லை. எல்லாத் தட்டும் நடுவில் வந்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவது. நாலு பேர் என்றால் உத்தமம், ஆறு பேர் என்றால் இன்னும் விதவிதமாக வாங்கலாம். இரண்டே பேர் போனால் மூன்று தட்டிலேயே வயிறு நிரம்பிவிடும், முழு மீன் வாங்கவே முடியாது.

முன்பதிவு இணையத்திலேயே செய்யலாம். சனி, ஞாயிறு என்றால் ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். பல இடங்களில் கிரெடிட் கார்டு எண் கேட்பார்கள். சொல்லாமல் வராவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள், அந்த விதியைப் படித்துவிட்டு எண்ணைக் கொடுங்கள். மேஜை இரண்டு மணி நேரத்துக்குத்தான் என்று சில இடங்களில் நிபந்தனை உண்டு. தனி அறை கேட்டால் குறைந்தபட்சச் செலவு இவ்வளவு என்பார்கள்.

முன்பதிவின்போதே மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, எந்த மேஜை. ஜன்னலோரமா, வராந்தாவா என்று அப்போதே சொல்லிவைத்தால்தான் கிடைக்க வாய்ப்பு. அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை வராந்தா அருமையாக இருக்கும். கோடையில் வேண்டவே வேண்டாம், ஹாங்காங் புழுக்கம் நம் சென்னைக்குக் குறைந்ததில்லை. இரண்டு, முன்கூட்டியே சொல்லவேண்டிய உணவு எது. முழு வாத்து, பன்றிக்குட்டி வறுவல், வெண்பூசணிக்குள்ளேயே வேகவைக்கும் சூப் போன்றவை ஒரு நாள் முன்பாவது சொன்னால்தான் கிடைக்கும். மூன்று, லிஃப்ட். பழைய கட்டடங்களில் படிகள் அதிகம். வயதானவர்களோ சக்கர நாற்காலியோ உண்டென்றால் எந்த வாசல் வழியாக வரவேண்டும் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் முதல் அக்டோபர் வரை புயல் காலம். எட்டாம் எண் எச்சரிக்கை ஏற்றிவிட்டால் ஊரே அடைத்துவிடும். அந்த மாதங்களில் பயணத்தின் கடைசி நாளுக்கு இந்தச் சாப்பாட்டை வைத்துக்கொள்ள வேண்டாம்.

சைவமா, மாட்டிறைச்சி வேண்டாமா, ஹலாலா: இதையும் முன்பே சொல்லுங்கள்

நம் வாசகர்களுக்கு இந்தப் பகுதிதான் ரொம்ப அவசியம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கன்டோனீஸ் சமையலில் காய்கறித் தட்டு என்று எழுதியிருந்தால் அது சைவம் என்று அர்த்தம் இல்லை. கீரையை "சுப்பீரியர் ஸ்டாக்"கில் போட்டுத் தருவார்கள். அந்தச் சாறு கோழி, பன்றி எலும்பு, உலர்த்திய பன்றித்தொடை எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சியது. முள்ளங்கி கேக்கில் உலர்ந்த இறாலும் பன்றி சாஸேஜும் நறுக்கிப் போட்டிருக்கும். எக்ஸ்.ஓ. சாஸ் என்று பெயர் பார்த்து யாரும் சந்தேகப்படமாட்டோம், அதில் உலர்ந்த சிப்பி, இறால், பன்றி மூன்றும் உண்டு. சிப்பி சாஸ் பல காய்கறித் தட்டுகளின் மேல் ஊற்றி வரும். முட்டை டார்ட்டின் மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம்.

அதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம். பௌத்த மரபினால் சைவச் சமையல் அங்கே நன்றாகவே வேரூன்றியது. "ஙோ சிக் ஜாய்" என்றால் நான் சைவம் சாப்பிடுகிறவன் என்று அர்த்தம். இந்த பௌத்தச் சைவத்தில் வெங்காயம், பூண்டு கூட இருக்காது, நம் வீட்டு ஆசாரக்காரப் பெரியவர்களுக்கும் ஒத்துவரும். முன்பதிவுக் குறிப்பில் "இறைச்சி, மீன், இறால், சிப்பி சாஸ், இறைச்சிச் சாறு, பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். வெறுமனே "வெஜிடேரியன்" என்று எழுதினால் சாறு விஷயத்தில் கோட்டைவிடுவார்கள். பிறகு லோ ஹான் ஜாய் என்கிற காளான், மூங்கில் குருத்து, டோஃபு கலந்த தட்டைக் கேளுங்கள். காளான் கொழுக்கட்டை, மிளகு உப்பில் வறுத்த டோஃபு இவையும் பெரும்பாலும் கிடைக்கும். கீரையை "சிங் சாவ்" என்று கேட்டால் வெறும் எண்ணெயிலும் உப்பிலும் வதக்கிக் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கீரைக்கு அதுதான் சரியான சமையல், அசைவக்காரர்களுக்கும் அதையே சிபாரிசு செய்வேன்.

மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்பவர்களுக்குப் பெரிய சிரமம் இல்லை, கன்டோனீஸ் மெனுவில் பன்றி, கோழி, மீன்தான் அதிகம். ஹலால் மட்டுமே சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வகை உணவகம் சரிப்படாது. அவர்கள் வான் சாய் பகுதியில் ஓய் குவான் ரோட்டில் உள்ள அம்மார் மசூதியின் மாடி உணவகத்துக்குப் போகலாம். எளிமையான இடம், ஹலால் டிம்சம் கிடைக்கிறது.

ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்

மெட்ரோவில் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, மிட் லெவல்ஸ் எஸ்கலேட்டரில் ஏறுங்கள். 1993இல் திறந்த இந்தத் திறந்தவெளி எஸ்கலேட்டர் வரிசை 800 மீட்டருக்கு மேல் நீளம். காலை 10 மணிவரை கீழ்நோக்கி ஓடும், அதன்பின் மேல்நோக்கி. மதியச் சாப்பாட்டுக்குப் போகிறவர்களுக்கு வசதிதான். அதிலிருந்து ஒரு நடைபாலம் நேராகத் தாய் குவுன் வளாகத்துக்குள் கொண்டுபோய் விடும். பாட்டிங்கர் தெருவின் கல்படிகள் வழியாகவும் ஏறலாம், பார்க்க அழகு. மழை பெய்திருந்தால் வழுக்கும், நல்ல செருப்பு இல்லாமல் வேண்டாம்.

உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. ஒரு காலத்தில் காவல் நிலையம், நீதிமன்றம், சிறை மூன்றும் இங்கே ஒரே சுவருக்குள் இருந்தன. பிடிப்பது, விசாரிப்பது, அடைப்பது எல்லாம் சில நூறு அடிக்குள் முடிந்துவிடும். 1841இல் பிரிட்டிஷார் தீவைப் பிடித்ததும் முதலில் கட்டத் தொடங்கியவற்றில் சிறையும் ஒன்று. பின்னாளில் வியட்நாமின் தலைவரான ஹோ சி மின் 1931இல் ஹாங்காங்கில் கைதாகி அடைபட்டது இந்த விக்டோரியா சிறையில்தான். காவல் துறையும் சிறைத் துறையும் 2000களில் வெளியேறின. அரசும் குதிரைப் பந்தயம் நடத்தும் ஹாங்காங் ஜாக்கி கிளப்பும் சேர்ந்து பழுதுபார்த்து, 2018 மே மாதம் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஹெர்சாக் அண்ட் டி மியூரான் என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர்கள் அலுமினியக் கட்டிகள் போர்த்திய இரண்டு புதுக் கட்டடங்களையும் இடையில் சேர்த்தார்கள். 2019இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் முதல் இடம் இதற்குத்தான்.

சாப்பிடப்போகிற பேரக் பிளாக் 1864இல் காவலர்கள் தங்குவதற்காகக் கட்டியது. வளைவுகளோடு நீண்ட வராந்தா, எதிரே அணிவகுப்பு மைதானம். மைதானத்தில் ஒரு மாமரம் நிற்கிறது. அது நிறையக் காய்த்தால் அந்த வருஷம் பதவி உயர்வு உண்டு என்று காவலர்கள் நம்புவார்களாம். சீன ஊரில் கொலோனியல் கட்டடத்துக்கு நடுவில் மாமரத்தைப் பார்த்ததும் நமக்கு ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது. அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, சிறை அறைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள். சாப்பிட்ட பிறகு பார்க்கலாம் என்று விட்டால் வயிறு கனத்து நடக்கமாட்டீர்கள்.

உடைக்குப் பெரிய விதி இல்லை. சட்டை, பேன்ட், சேலை, சுடிதார், நல்ல செருப்பு போதும். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் வேண்டாம். ஒரு சால்வையோ மெல்லிய ஸ்வெட்டரோ கையில் இருக்கட்டும், ஹாங்காங் உணவகங்களில் ஏசி எலும்புவரை இறங்கும்.

உட்கார்ந்ததும்: தேநீர்

மெனு கொடுக்குமுன்பே "என்ன டீ?" என்று கேட்பார்கள். இது இலவசம் இல்லை, தலைக்கு இவ்வளவு என்று பில்லில் வரும். வெந்நீர் கேட்டால் தருவார்கள், ஆனால் தேநீர் இல்லாமல் டிம்சம் சாப்பிடுவது எனக்குச் சம்மதமில்லை. கொழுப்பும் ஆவியும் கலந்த அந்த உணவுக்கு இடையிடையே நாக்கைக் கழுவுவது அதுதான். கறுப்பாக, மண்வாசனையோடு இருக்கும் போ லெய் என்பது வறுவல், பன்றி வகைகளுக்கு நல்ல ஜோடி. லேசாக வேண்டும் என்றால் மல்லிகைத் தேநீர். டீயே கூடாது என்பவர்கள் காய்ந்த சாமந்திப் பூவை மட்டும் போட்டுக் கேட்கலாம். எதிலும் பால், சர்க்கரை கேட்காதீர்கள்.

உங்கள் கோப்பைக்கு ஊற்றுமுன் மற்றவர்களுக்கு ஊற்றுங்கள், மூத்தவருக்கு முதலில். உங்களுக்கு யாராவது ஊற்றினால் இரண்டு விரலை மடக்கி மேஜையில் லேசாகத் தட்டினால் நன்றி சொன்னதாகும். கெண்டி காலியானால் யாரையும் கூப்பிட வேண்டாம், மூடியைப் பாதி திறந்து வைத்தால் வந்து வெந்நீர் நிரப்புவார்கள்.

டீயோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் வறுத்த வாதுமையோ ஊறுகாயோ வரும். அதற்கும் காசு உண்டு. வேண்டாம் என்றால் அப்போதே திருப்பி அனுப்பலாம், ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

மதிய ஆர்டர்

மெனு நீளமாக இருக்கும். டிரஃபிள் (வாசனைக் காளான்), வாக்யூ (ஜப்பானிய மாட்டிறைச்சி), இபெரிகோ பன்றி (ஸ்பெயின் நாட்டு ஜாதி) என்று வெளிநாட்டுப் பெயர்கள் கண்ணைப் பறிக்கும். புதுப் பாணி கன்டோனீஸ் உணவகத்தின் அடையாளமே அதுதான்: பழைய தட்டுகள், விலையுயர்ந்த பொருள்கள், சின்ன அளவு, நல்ல ஒயின். அதில் சில மாற்றங்கள் உண்மையிலேயே நல்லவை. கறி வறுவலுக்கு நல்ல ஜாதிப் பன்றி வாங்கினால் ருசி கூடத்தான் செய்கிறது. ஆனால் சியூ மாய் மேல் டிரஃபிளைத் தூவுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வாசனை இறாலின் இனிப்பை விழுங்கிவிடுகிறது. முதல் தடவை போகிறவர்கள் அலங்காரம் இல்லாத பழைய வகைகளைத்தான் வாங்க வேண்டும். அவற்றைச் சரியாகச் செய்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் புதுசுக்குப் போகலாம்.

முதலில் ஹார் காவ், அதாவது இறால் கொழுக்கட்டை. ஒரு சமையலறையின் கை எப்படி என்பதை இந்த ஒன்றிலேயே சொல்லிவிடலாம். மேல்தோல் கோதுமை ஸ்டார்ச்சும் மரவள்ளி ஸ்டார்ச்சும் கலந்தது. வெந்ததும் கண்ணாடி போல ஆகி உள்ளே இருக்கும் இறாலின் சிவப்புத் தெரிய வேண்டும். ஓரத்தில் ஏழுக்குக் குறையாமல் மடிப்பு. சாப்ஸ்டிக்கால் தூக்கும்போது அடிக் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு கிழியக் கூடாது. கடித்தால் தோல் மெல்ல இழுபட, உள்ளே இறால் மொறுக்கென்று உடைய வேண்டும். வந்த இரண்டு நிமிடத்துக்குள் சாப்பிடுங்கள், ஆறினால் தோல் தடித்துவிடும். போட்டோ எடுப்பவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாந்துபோவது. முதல் கடியில் "சப்பென்று இருக்கே" என்று மிளகாய் சாஸை எடுத்து ஊற்றிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். நல்ல இட்லியைச் சட்னி தொடாமல் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுப் பார்ப்போமே, அப்படி முதல் கொழுக்கட்டையை எதுவும் தொடாமல் சாப்பிடுங்கள். கன்டோனீஸ் சமையல் மசாலாவை நம்பி நிற்பதில்லை. பொருள் எவ்வளவு புதுசு, தீயும் நேரமும் எவ்வளவு சரி என்பதுதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். இரண்டாவதுக்கு வேண்டுமானால் ஒரு சொட்டு மிளகாய் எண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் சியூ மாய், பன்றியும் இறாலும் சேர்ந்தது. ச்சியோங் ஃபன் என்ற அரிசி மாவுச் சுருள், மேலே இனிப்பான சோயா சாஸ். முள்ளங்கி கேக் வறுத்தது. சார் சியூ பாவ், அதாவது பன்றி வறுவல் உள்ளே வைத்த பன். ஒரு கூடையில் மூன்றோ நாலோ இருக்கும். ஐந்து பேர் போனால் ஆளுக்கு ஒன்று வரும்படி சேர்த்துத் தரச் சொல்லலாம், பல இடங்களில் ஒற்றை எண்ணிக்கையிலும் தருவார்கள். நாலு பேருக்கு ஐந்து கூடை டிம்சம், ஒரு வறுவல் இறைச்சி, ஒரு கீரை, கடைசியில் ஒரு நூடுல்ஸ் அல்லது சோறு என்பது போதுமான கணக்கு. எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஆர்டர் செய்துவிட்டு "மெதுவாக ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மொத்தமும் பத்து நிமிடத்தில் மேஜையில் வந்து ஆறிப்போகும்.

வறுவலில் சார் சியூ கேளுங்கள். பன்றித் தோள்பகுதி, ஓரம் லேசாகக் கருகி, மேலே மால்ட்டோஸ் பாகு பளபளக்கும். "பாதிக் கொழுப்பு" என்று கேட்டால் ஆர்டர் எடுக்கிற கேப்டனுக்கே சந்தோஷம், ருசி தெரிந்து கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார். வெறும் சதை கேட்டால் சக்கைதான் மிஞ்சும்.

இனிப்புக்கு மாம்பழம், பம்பளிமாஸ், ஜவ்வரிசி சேர்த்த குளிர்ந்த பாயசம் ஒன்று உண்டு, யெங் ஜி காம் லோ என்று பெயர். 1980களில் ஹாங்காங் உணவகங்களில் பரவியது. நம் நாக்குக்கு அவ்வளவு பொருத்தம்.

இரவு போனால்: மீனுக்காகப் போங்கள்

இரவு ஆர்டருக்கு எளிய சூத்திரம்: ஒரு சூப், ஒரு வறுவல், ஒரு மீன், ஒரு வாணலி வதக்கல், ஒரு கீரை, கடைசியில் சோறோ நூடுல்ஸோ. அதே சமையல் முறை, அதே சாஸ் இரண்டு தட்டில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெனுவைப் பார்த்துக் குழம்புவதைவிட, கேப்டனைக் கூப்பிட்டு "நாலு பேர், தலைக்கு இவ்வளவுக்குள் வேண்டும், இது இது சாப்பிடமாட்டோம்" என்று சொல்லிவிடுவது நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஆவியில் வேகவைத்த முழு மீன்தான் கன்டோனீஸ் மேஜையின் நடுநாயகம். பெரும்பாலும் களவா வகை. விலை என்ற இடத்தில் "சீசனல்" என்றோ "மார்க்கெட் பிரைஸ்" என்றோ போட்டிருக்கும், அல்லது டேல் கணக்கில் எழுதியிருக்கும். ஒரு டேல் சுமார் 38 கிராம், 16 டேல் ஒரு கேட்டி, அதாவது சுமார் 605 கிராம். டேலுக்கு இவ்வளவு என்று கேட்டுவிட்டுத் தலையாட்டாதீர்கள். "முழு மீனுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு, எண்ணைக் கேட்ட பிறகு சரி சொல்லுங்கள். பில் வந்த பிறகு திகைப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியை விட்டவர்கள்தான். நாலு பேருக்கு ஒரு கேட்டிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். சூ மேய் என்ற பெரிய உதட்டு மீனைச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள், அழிந்துவருகிற இனம். சுறாத் துடுப்பு சூப்பும் அப்படியே. அதில் துடுப்புக்கென்று ருசியே கிடையாது, ருசி எல்லாம் சாற்றில்தான். அதற்காக ஒரு சுறா சாக வேண்டியதில்லை.

மீன் வரும்போது கவனியுங்கள். நீளத் தட்டில் முழுசாக, மேலே நூல் போல நறுக்கிய வெங்காயத்தாளும் இஞ்சியும். அதன்மேல் கொதிக்கும் எண்ணெயை ஊற்றி, ஓரமாக இனிப்பு கலந்த சோயா சாற்றை விட்டிருப்பார்கள். தட்டு மேஜைக்கு வந்து எல்லோரும் பார்த்த பிறகு, பரிமாறுபவர் பக்கத்து மேஜையில் வைத்து இரண்டு கரண்டியால் சதையைப் பிரிப்பார். முதுகெலும்பு முழுசாக ஒரே இழுப்பில் வெளியே வரும். எலும்பை ஒட்டிய சதை லேசாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், தானாக உதிர்ந்தால் ஒரு நிமிடம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஊரிலிருந்து வந்த என் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது, முதல் துண்டை வாயில் போட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"என்னப்பா, உப்பு போட மறந்துட்டானா?"

"கொஞ்சம் பொறுங்க பெரியப்பா. அடியில இருக்கிற சோயா சாறை ரெண்டு கரண்டி எடுத்து, வெறும் சோத்துல விட்டு, மீனோட ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

அதன்பிறகு அவர் பேசவில்லை, இரண்டாம் தடவை சோறு கேட்டார். நீங்களும் மீனோடு வெள்ளைச் சோறு ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தானாக வராது.

சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மணிக்கணக்கில் காய்ச்சிய தெளிந்த சாறு, மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் ஆளுக்கு ஒன்றாக வரும். நாம் கெட்டியான சூப்புக்குப் பழகியவர்கள், தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மேஜை மரியாதை

இரண்டு ஜோடி சாப்ஸ்டிக் இருந்தால் ஒன்று பொதுத் தட்டிலிருந்து எடுக்க, இன்னொன்று வாயில் வைக்க. 2003இல் சார்ஸ் நோய் வந்த பிறகு இந்த வழக்கம் நன்றாகப் பரவியது. எச்சில் பார்க்கிற நமக்கு இதில் மனக்குறையே இருக்காது. எது எது என்று குழம்பினால் பரிமாறுபவரிடம் கேட்டுவிடுங்கள். சாப்ஸ்டிக் பழக்கமில்லை என்றால் ஃபோர்க் கேளுங்கள், யாரும் கேவலமாக நினைக்கமாட்டார்கள். சோற்றில் மட்டும் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கின் சாயல்.

சுழல் மேஜையை அடுத்தவர் எடுத்துக்கொண்டிருக்கும்போது சுற்றக் கூடாது. தட்டில் உங்கள் பக்கம் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், நல்ல துண்டு தேடிக் கிளறக் கூடாது. முழு மீனின் மேல்பக்கம் தீர்ந்ததும் அதைப் புரட்டுவது படகு கவிழ்வது போல என்று மீனவக் குடும்பங்களில் தவிர்ப்பார்கள், எலும்பை எடுத்துவிட்டுக் கீழ்ப்பக்கத்தைச் சாப்பிடுங்கள்.

பில்

"மாய் தான்" என்றால் பில் கொண்டுவருவார்கள். 10 சதவீதம் சர்வீஸ் கட்டணம் அதிலேயே இருக்கும். ஹாங்காங்கில் விற்பனை வரி இல்லை என்பதால் அதற்கு மேல் வேறு எதுவும் ஏறாது. தனியாக டிப்ஸ் கட்டாயமில்லை, கவனித்தவர் நன்றாகக் கவனித்தார் என்று தோன்றினால் கொஞ்சம் வைக்கலாம். செலவு என்று பார்த்தால், இந்தத் தரத்தில் மதியம் தலைக்கு 400 முதல் 600 ஹாங்காங் டாலர், இரவு அதைப்போல் இரண்டு மடங்கு என்று மனதில் வைத்துக்கொண்டு போங்கள். ஒரு ஹாங்காங் டாலர் சுமார் 11 ரூபாய். மது வாங்கினால் கணக்கே வேறு. 2008இல் ஒயின் மீதான வரியை ஹாங்காங் எடுத்துவிட்டது, ஆனாலும் உணவக விலை உணவக விலைதான்.

பில்லில் நாலு இடம் பாருங்கள்: டீ எத்தனை பேருக்கு, அந்தச் சின்னக் கிண்ணம், மீனின் எடை, திருப்பி அனுப்பிய தட்டு ஏதாவது ஏறியிருக்கிறதா. தவறு இருந்தால் மெதுவாகச் சொன்னால் உடனே திருத்துவார்கள்.

மிஞ்சியதைக் கட்டித் தரச் சொல்லத் தயங்க வேண்டாம், எவ்வளவு பெரிய உணவகத்திலும் இது சாதாரணம். சார் சியூவும் வறுத்த சோறும் மறுநாள் காலைவரை அறைக் குளிர்பெட்டியில் தாங்கும். ஹார் காவைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம், அங்கேயே முடித்துவிடுங்கள்.